துடக்குக் கேட்ட மாமி

கோயிலடி மாமி ஒருவரையும் "சுகமோ" என்று கேட்டதை நான் காணவில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "துடக்கு ஏதும் இருக்கோ?"

செத்த வீட்டுத் துடக்கு, பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்கு, பெண்களின் மாதத் துடக்கு. இவற்றில் ஏதாவது உள்ளவர், நாள் கழியும்வரை அம்மாளின் வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். தெரிந்தவர்கள் தாங்களாகவே விலகி நிற்பார்கள். யாராவது மறந்துபோய் உள்ளே வந்தால் மற்றக் கோயில்களில் அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். எங்கள் கோயிலில் மறக்க முடியாது. வாசலில் மாமி நிற்பார்.

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்க்கும் சுன்னாகத்துக்கும் நடுவில், வெங்காயத் தோட்டங்களுக்குள்ளே இருக்கிற சின்னக் கோயில் அது. நான் கலியாணம் முடித்து அந்த ஊருக்குப் போனபோது எங்கள் கிணற்று வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் ஒற்றை அறை வீடு. மாமி கலியாணம் கட்டாதவர். உயரம், மெலிவு, கழுத்து நரம்பு தெரியும். விடிய நாலு மணிக்குக் கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டால் மாமி குளிக்கிறார் என்று அர்த்தம். பிறகு கோயில் முற்றம் கூட்டுவார், விளக்கு மினுக்குவார், பூப் பறிப்பார். வைகாசி விசாகப் பொங்கலுக்கு அம்மாளின் பெரிய பானையை அடுப்பில் ஏற்றுவது அவர்தான். நாற்பது வருடமாக வேறு ஒருவர் கை அந்தப் பானையில் பட்டதில்லை. அதற்காகப் பத்து நாள் விரதம் இருப்பார். அந்தப் பத்து நாளும் ஒருவரோடும் சிரிக்க மாட்டார். மற்ற நாள்களிலும் பெரிதாகச் சிரித்தார் என்றில்லை.

ஊரில் எந்த வீட்டில் யார் எப்போது செத்தார், யாருக்கு எந்தக் கிழமை பிள்ளை பிறந்தது, எந்தப் பெண்ணுக்கு எந்தத் திகதி என்பதெல்லாம் மாமியின் தலைக்குள் இருந்தன. ஒருமுறை கிராம சேவகர் மரணப் பத்திரம் ஒன்றுக்குத் திகதி தெரியாமல் சைக்கிளில் வந்து மாமியிடம் கேட்டுக்கொண்டு போனார். மாமி விரல் மடித்துப் பார்த்து, "ஆடிச் செவ்வாய்க்கு முதல் நாள். பின்னேரம்" என்றார். அந்த மனிதர் செத்து அப்போது பதினொரு வருடம்.

பொங்கல் நாளுக்கு முன்தினம் ஊரிலுள்ள பெண்களுக்கு மாமி சொல்லுகிற புத்திமதி ஒன்று உண்டு. "போனை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. வெளிநாட்டிலை ஆரும் செத்தாலும் காதிலை விழும்வரைக்கும் துடக்கில்லை. விழுந்தாத்தான் துடக்கு." கனடாவிலும் லண்டனிலும் ஆள் இருக்கிற ஊர். ஆகவே விசாகத்தன்று காலையில் எங்கள் ஊரில் ஒரு தொலைபேசியும் வேலை செய்யாது.

கோயிலின் பழைய பெயர் கண்ணகை அம்மன் கோயில். முன்வாசல் பலகையில் இராஜராஜேஸ்வரி என்று இருந்தது. மாமியின் தகப்பனுடைய காலத்தில் மாற்றினார்களாம். ஒருநாள் கோயில் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழும்பி, கண்ணகை சமணச் செட்டி வீட்டுப் பெண், அவளைச் சைவக் கோயிலில் வைத்துப் பொங்குவது முறையில்லை, பொங்கலையே விட்டுவிடலாம் என்றார். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"செட்டிச்சியோ ஆரோ, புருசனைக் கொண்டுபோட்டாங்கள் எண்டு கேட்ட உடனை அவ ராசாவிட்டை வெளிக்கிட்டவ. முப்பத்தொரு நாள் துடக்கும் முடியட்டும் எண்டு வீட்டிலை இருந்தவவோ? அப்ப எங்களை மட்டும் ஏன் வாசல்லை மறிக்கிறியள்?"

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி தூணோடு நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அதாலைதானே ஊர் எரிஞ்சது" என்றார்.

கூட்டம் அதோடு முடிந்தது. பொங்கல் நிற்கவில்லை.

நான் அவரை வெறுக்கத் தொடங்கிய நாளைச் சொல்ல வேண்டும். கலியாணமாகி எட்டு மாதத்தில் எனக்குப் பிள்ளை தங்கியது. மூன்று மாதம் ஆகட்டும், பிறகு மாமியாருக்குச் சொல்லலாம் என்று கணவரும் நானும் பேசி வைத்திருந்தோம். மூன்றாம் மாதம் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு, கந்தோருக்குக் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். கணவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் இருக்க ஏலாமல் கோயிலுக்குப் போனேன். என் மாமியாரும் அவருடைய தங்கையும் எனக்கு முன்னாலே நடந்து போனார்கள்.

கோயிலடி மாமி வாசலில் கையை நீட்டி என்னை மறித்தார்.

"பிள்ளை, கலைஞ்சது எத்தினையாம் மாசம்?"

என் மாமியார் திரும்பிப் பார்த்தார். மாமி கையை எடுக்கவில்லை.

"கொடியிலை காயிற சீலையைப் பார்த்தனான். மாசத் துடக்குச் சீலை இல்லை அது. சொல்லு. எத்தினையாம் மாசம்?"

"மூண்டு."

மாமி விரலை மடித்தார். "மூண்டு மாசமெண்டா மூண்டு நாள். இண்டைக்கு அஞ்சு. சரி, போ உள்ளை."

கையை எடுத்து வழி விட்டார். நான் உள்ளே போனேனா என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. என் மாமியாரின் முகம்தான் ஞாபகம். அன்று பின்னேரமே அவர் வீட்டுக்கு வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், மகனிடம், "இவ்வளவு பெரிய விசயத்தை எனக்கு ஒளிச்சனீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அதற்கும் கோயில் வாசலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். என் மாமியார் கடைசிவரை வேறுவிதமாக நினைத்தார். ஒளித்து வைத்ததற்கு அம்மாள் தந்த தண்டனை என்று தங்கையிடம் சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

ஆனால் அதே மாமி என் கணவருக்கு அம்மாள் வருத்தம் கண்டபோது செய்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. உடம்பெல்லாம் அம்மை கொப்பளித்து, கண் திறக்க ஏலாமல் கிடந்தார். தொற்றிவிடும் என்று அவருடைய தாயே வாசற் படலையோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார். கோயிலடி மாமி மட்டும் வேப்பிலைக் கட்டோடு உள்ளே வந்தார். நான் ஒன்றும் கேட்க முதலே, "அம்மாள் வந்த வீட்டிலை துடக்கில்லை" என்றார்.

பதினொரு நாள் வந்தார். பாயருகில் சம்மணம் கட்டி இருந்து வேப்பிலையால் மெதுவாகத் தடவிக் கொடுப்பார். என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அம்மாள், இளநீர் குடிக்கிறீங்களோ?" "அம்மாள், எரியுதோ?" என்றுதான் கேட்பார். அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. என் கணவர், தோட்டம் செய்கிற முப்பத்தைந்து வயது ஆம்பிளை, அந்தக் குரலைக் கேட்டு ஒரு குழந்தைபோல் அழுதார். தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்று மாமி கையைக் கழுவிக்கொண்டு புறப்பட்டார். தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று கேட்டேன். "அம்மாள் போயிட்டா. இனி இது உங்கடை வீடு" என்று சொல்லி ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் போனார். அடுத்த நாள் வாசலில் என் கணவரைப் பார்த்து வழமைபோலக் கேட்டார். "வீட்டிலை துடக்கு ஏதும் இருக்கோ?"

மனோன்மணி அக்காவின் கதைக்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில், கடைசி வீட்டில் இருந்தவர். சண்டை முற்றியபோது வன்னிக்கு இடம்பெயர்ந்து போன குடும்பம். கடைசிச் சண்டையின்போது சனத்தோடு சனமாக வெளியே வருகையில் இருபது வயது மகன் நெரிசலில் கை நழுவிப் போனான். அவனை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. புருசன் முகாமில் செத்தார். மனோன்மணி அக்கா ஒற்றை ஆளாக ஊருக்குத் திரும்பி வந்தார். வந்த முதல் வருடமே விசாகப் பொங்கலுக்குப் புதுப் பானையும் பச்சையரிசியும் கொண்டு கோயிலுக்குப் போனார். மகன் வர வேண்டும் என்று நேர்த்தி.

வாசலில் மாமி கேட்டார். "மனோன்மணி, மகன் இருக்கிறானோ, இல்லையோ?"

"தெரியாது மாமி."

"இருக்கிறான் எண்டா அம்மாளுக்கு முன்னாலை சொல்லு. உள்ளை விடுறன். இல்லையெண்டா அந்தியேட்டி செய். முப்பத்தோராம் நாள் துடக்கு கழியும், பிறகு வா. ரெண்டும் இல்லாமல் எப்பிடி விடுறது?"

"இருக்கிறான் எண்டு சொல்லப் பயமாயிருக்கு மாமி. அம்மாளுக்கு முன்னாலை பொய்யாப் போனா? இல்லை எண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுவன்?"

மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் பக்கத்தில் நின்றேன். பிறகு சொன்னார். "செத்திருந்தா உனக்குத் துடக்கு இன்னும் கழியேல்லை. வெளியிலை நில்."

மனோன்மணி அக்கா வெளியே நின்றார். வீதியோரம் மூன்று கல் வைத்துத் தன் பானையை அங்கே பொங்கினார். அடுத்த வருடமும் வந்தார். மாமியும் கேட்டார். "மகன் இருக்கிறானோ, இல்லையோ?" "தெரியாது மாமி." "வெளியிலை நில்." அதற்கடுத்த வருடமும். நாங்கள் எல்லோரும் உள்ளே எங்கள் பானைகளுக்கு முன்னால் இருந்துகொண்டு அதைக் கேட்டோம். ஒருவராவது வாய் திறக்கவில்லை. மாமி சொல்லுவதில் பிழை கண்டுபிடிக்க ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு வருடம் புத்தரின் வெசாக் பெருநாளும் எங்கள் விசாகமும் ஒரே நாளில் வந்தன. நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்கள ஆள்களின் வான் ஒன்று எங்கள் கோயிலுக்கு முன்னால் நின்றது. இங்கே பத்தினித் தெய்யோ இருக்கிறது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பத்தினி என்று கும்பிடுவதும் எங்கள் கண்ணகையைத்தான். வெள்ளைச் சேலை கட்டிய வயதான பெண் ஒருவர் கையில் தாமரைப் பூக்களோடு இறங்கி, வாசலை நோக்கி வந்தார். கண் முழுக்கத் தண்ணீர்.

மாமி என்னைக் கூப்பிட்டார். கந்தோர்ச் சோதனைக்காக நான் சிங்களம் படித்திருந்தேன். "துடக்கு இருக்கோ எண்டு கேள்."

"மாமி, அவை வழியிலை போற ஆக்கள். பூவை வைச்சிட்டுப் போகட்டும்."

"கேள்."

துடக்குக்குச் சிங்களத்தில் கில்ல என்பார்கள். கேட்டேன். அந்தத் தாய்க்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்கவில்லை. தங்கள் பத்தினி கோயிலிலும் கேட்பார்கள் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். மகன் ஆமியில் இருந்தவன். வடக்கில் சண்டையில் காணாமல் போனவன். உடல் வரவில்லை. வருடா வருடம் அவன் பெயரில் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கிறார். உயிரோடு இருக்கிறவனுக்குக் கொடுக்கிறேனா, செத்தவனுக்குக் கொடுக்கிறேனா என்று தனக்கே தெரியாது என்றார்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்படியே சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். துடக்கு இல்லையாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்த வாசலில் நின்று மாமியிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"அப்ப அவவும் வெளியிலை" என்றார் மாமி.

வான் சாரதி தமிழ்ப் பெடியன். அவன் கும்பிடாத குறையாகக் கேட்டான். "அம்மா, தெற்கிலை காலியிலையிருந்து வந்திருக்கினம். அவ்வளவு தூரம்."

"அம்மாளுக்குத் தூரம் கிட்ட எண்டு இல்லை."

நான் அந்தத் தாயிடம், இன்றைக்கு உள்ளே இடமில்லை என்று சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் இருந்த முற்றத்தைப் பார்த்தார். இடம் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, பூக்களை வாசற்படிக்குக் கீழே நிலத்தில் வைத்துக் கும்பிட்டார். பிறகு வீதியோரம் போய், மனோன்மணி அக்காவின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். வேறு நிழல் இருக்கவில்லை.

மனோன்மணி அக்கா என்னிடம் கேட்டார். "என்னவாம் அவவுக்கு?"

"மகனைக் காணேல்லையாம் அக்கா. ஆமியிலை இருந்தவனாம்."

அக்கா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு, "எத்தினை வயசாம்?" என்றார்.

கேட்டுச் சொன்னேன். "இருபத்திரண்டு."

"என்ரையவனுக்கு இருபது எண்டு சொல்லு."

சொன்னேன். அவ்வளவுதான் அவர்கள் கதைத்தது. பானை பொங்கியது. வான்காரன் ஹோர்ன் அடித்தான். அந்தத் தாய் போய் ஏறினார்.

அடுத்த வருடம் விசாகத்தன்று விடிய ஐந்தரைக்கு என் தொலைபேசி அடித்தது. நிறுத்தி வைக்க மறந்துபோனேன். ரொறொன்ரோவிலிருந்து மாமியின் அண்ணையின் மகள். மாமியிடம் நல்ல தொலைபேசி இல்லாததால் அவர்கள் எப்போதும் எனக்குத்தான் எடுப்பார்கள்.

"அக்கா, அப்பா மோசம் போயிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னம்." அழுதாள். பிறகு சொன்னாள். "அத்தைக்கு இண்டைக்குச் சொல்லாதேங்கோ. அவவுக்கு இந்தப் பொங்கல்தான் எல்லாம் எண்டு அப்பா சொல்லுவார். நாளைக்கு ஆறுதலாச் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை. நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். அது சத்தியம்.

மாமி கலியாணம் கட்டாதவர் என்பதால் பிறந்த வீட்டுச் சாவுத் துடக்கு முழுதாக அவருக்கு உண்டு. முப்பத்தொரு நாள். ஆனால் காதில் விழும்வரை இல்லை. அதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

ஒன்பது மணிக்குக் கோயிலில் ஐம்பது அறுபது பானை அடுப்பில் இருந்தன. நடுவில் பெரிய பானை. மாமி ஈரச் சேலையோடு அதன் முன்னால் நின்றார். பத்து நாள் விரதத்தில் கண் குழி விழுந்திருந்தது. வாசலுக்கு வெளியே மனோன்மணி அக்கா. அவரிடம் கேட்க வேண்டியதை மாமி காலையிலேயே கேட்டு முடித்திருந்தார். அன்று காற்று தெற்கிலிருந்து அடித்தது. அக்காவின் அடுப்புப் புகை வாசலுக்குள்ளே வந்து பெரிய பானையைச் சுற்றியது.

மாமி வாசலுக்குப் போனார். "மனோன்மணி, உன்ரை புகை அம்மாளின்ரை பானையிலை படுது. அடுப்பை அங்காலை தள்ளி வை."

"இப்பதான் மாமி பால் நுரைச்சு வருது. பொங்கின உடனை எடுக்கிறன்."

"தள்ளி வை."

பொங்கி வருகிற பானையை இறக்குவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. அக்கா சேலைத் தலைப்பால் பானையைப் பிடித்து இறக்கினார். இறக்கியதில் பாதிப் பால் வீதி மண்ணில் போனது. சுடுகிற கற்களை ஒவ்வொன்றாகத் தடியால் தள்ளிக்கொண்டு போனார். மாமி அவர் எவ்வளவு தூரம் போகிறார் என்று நின்று பார்த்து, "காணும், அதிலை வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

பெரிய பானையில் பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. பறை அடிக்கிறவர்கள் கோலை எடுத்துத் தயாராக நின்றார்கள். பூசாரியார் பூத்தட்டோடு நின்றார். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருக்கும். நான் எழும்பிப் போனேன்.

"மாமி."

அவர் திரும்பவில்லை.

"மாமி, ரொறொன்ரோவிலை அண்ணை மோசம் போயிட்டாராம்."

எல்லோருக்கும் கேட்கக் கூடியதாகச் சொன்னேன். அதை நான் மறைக்கப் போவதில்லை. மெதுவாகச் சொல்லியிருந்தால் அவர் தனக்குள் வைத்திருப்பாரோ என்று பயந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லாதது. அவர் வைத்திருக்க மாட்டார்.

மாமியின் கையில் அகப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பானை பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. பறைகாரர் ஒருவர் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"விடிய அஞ்சரைக்கு."

அவர் வானத்தைப் பார்த்து நேரத்தை மட்டுக்கட்டினார். பிறகு பூசாரியாரிடம் சொன்னார். "எனக்குத் துடக்கு. கேட்டதுக்குப் பிறகு பொங்கின பானை. இது அம்மாளுக்கு ஆகாது. கவிட்டு ஊத்துங்கோ."

"மாமி, பரவாயில்லை, ஒரு நிமிசந்தானே..." என்று பூசாரியார் இழுத்தார்.

"ஊத்துங்கோ."

பத்துக் கொத்து அரிசியும் பாலும் கோயில் மூலையில் வெட்டிய குழிக்குள் போயின. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அம்மாளுக்குப் பெரிய பானை இல்லை. சனம் என்னைப் பார்த்தது. மாமி யாரையும் தொடாமல், சேலையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலால் இறங்கி வீதிக்குப் போனார். மனோன்மணி அக்கா நின்ற பக்கத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். கதவைச் சாத்திய பிறகும் அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

எனக்கு நல்ல சந்தோசமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும். வாசலுக்குப் போய் மனோன்மணி அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கினார்.

"பானை பொங்கின பிறகு சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார்.

முப்பத்தோராம் நாள் மாமி கீரிமலைக்குப் போய்க் குளித்துவிட்டு நேரே கோயிலுக்கு வந்தார். அந்த மாதத்துக்குள் கோயிலுக்குச் சுவிசிலிருந்து திரும்பிய புது மனேச்சர் வந்திருந்தார். முற்றம் கூட்டச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார். பெரிய பானை இனிச் சபையின் பொறுப்பு என்றும், வாசலில் நின்று சனத்தைக் கேள்வி கேட்பது இந்தக் காலத்துக்குச் சரிவராது என்றும் மரியாதையாகவே சொன்னார். "நீங்கள் வந்து கும்பிடலாம் அம்மா. ஒருத்தரும் தடுக்கமாட்டினம்."

"ஒருத்தரும் தடுக்காத வாசலுக்குள்ளை நான் வந்து என்ன செய்யிறது" என்று மாமி சொன்னாராம். அதன்பிறகு அவர் படி ஏறவில்லை. விடியக் குளித்துவிட்டு வீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஒரு நாள் பின்னேரம் கிணற்று வேலியில் அவரைக் கண்டபோது நானே கதையைத் தொடங்கினேன்.

"மாமி, அண்டைக்கு நான் வேணுமெண்டுதான் சொன்னனான்."

"தெரியும்." உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தார். "கலைஞ்சதைக் கேட்டனான் எண்டுதானே?"

"ஓம்."

"நீ அண்டைக்குச் சுத்தமாத்தான் வந்தனி. நான் எண்ணிப் பார்த்துப்போட்டு உள்ளை விட்டனான். நான் உன்னை மறிக்கேல்லையே." அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கியது. சேலையை உதறிக் கொடியில் போட்டார். "நீ எனக்குச் செய்ததுக்கு நான் ஒண்டும் நினைக்கேல்லை. அண்ணை செத்தது உண்மை, நீ சொன்னது உண்மை. ஆனா நீ அம்மாளைப் பட்டினி போட்டனி. அதை நீதான் அவவோடை கதைக்க வேணும்."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் போய்க் கதைக்கவில்லை. ஒரு மாரி காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து செத்தார். என் கணவர் கொள்ளி வைத்தார். அண்ணையின் மகள் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் பார்த்தாள். ஊரில் அவருக்கு இரத்த உறவு ஒருவரும் இல்லாததால் ஒரு வீட்டுக்கும் துடக்கு இல்லை. கோயில் மணி அன்று பின்னேரமும் அடித்தது.

அந்த வைகாசி விசாகத்துக்கு நான் நேரத்தோடு போனேன். வாசலில் ஒருவரும் இல்லை. கதவு அகலத் திறந்திருந்தது. எல்லோரும் எல்லோரையும் உரசிக்கொண்டு உள்ளே போனார்கள். மாமி வீதியில் நின்று கும்பிட்ட இரண்டு விசாகத்திலும் செய்ததுபோலவே, மனோன்மணி அக்கா புதுப் பானையோடு வந்து, வீதியோரம் தன் வழக்கமான இடத்தில் மூன்று கல்லை வைத்துக்கொண்டிருந்தார். தலை முழுதாக நரைத்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பானையைத் தூக்கினேன்.

"அக்கா, இனி இஞ்சை ஏன்? உள்ளை வாங்கோ. இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அவர் என் கையிலிருந்த பானையை வாங்கித் திரும்பவும் கல்லில் வைத்தார்.

"அதுதான் பிள்ளை" என்றார். "ஊரிலை எல்லாரும் கேக்கிறதை விட்டிட்டினம். நீயும் விட்டிட்டாய். அவ ஒருத்திதான் வருசா வருசம் என்ரை பெடியன் இருக்கிறானோ எண்டு கேட்டவ."

நெருப்புப்பெட்டியைத் தட்டிக் கற்பூரத்தைப் பற்றவைத்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் பெயர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். பதினான்கு வருடம் ஒரே ஒழுங்கையில் இருந்துவிட்டு, அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.